சோற்றுத் தட்டிலும் தலையணையிலும் செல்போன் வேண்டாம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கிவைத்துவிட்டு வந்து படியுங்கள்.

"குழந்தைக்குச் செல்போன் கொடுக்கலாமா, கூடாதா டீச்சர்?" என்று கேட்டு வாரத்துக்கு இரண்டு பேராவது எழுதுகிறீர்கள். என்னிடம் ஆறாம் வகுப்பில் பின்னம் படித்தவர்களுக்கு இப்போது ஆறாம் வகுப்பில் பிள்ளை இருக்கிறது. தனித்தனியாகப் பதில் தட்டி விரல் வலிக்கிறது. அதனால் என் கருத்தை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன். செல்போன் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. நம் வீட்டில் இரண்டு இடங்களில் இருந்து மட்டும் அதை எடுத்துவிட்டால் பெரும்பாலான சிக்கல் குறைந்துவிடும் என்று நினைக்கிறேன். ஒன்று சோற்றுத் தட்டு, இன்னொன்று தலையணை. மற்றதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"எங்க காலத்துல இதெல்லாம் இல்லை" என்று பெருமூச்சு விடுகிற ரிட்டையர்டு கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். எங்கள் காலத்திலும் பெரியவர்கள் புலம்பிக்கொண்டுதான் இருந்தார்கள். சினிமா பார்த்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்றார்கள். காமிக்ஸ் படித்தால் பாடம் ஏறாது என்றார்கள். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடியபோது, இனிமேல் யாரும் படிக்கப்போவதில்லை என்றார்கள். 1997, 98 வாக்கில் சக்திமான் தொடர் வந்ததும் என் வகுப்பில் பாதிப் பையன்கள் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றித் தலைகிறுகிறுத்து பெஞ்சில் முட்டிக்கொண்டார்கள். இதைப் படித்துச் சிரிக்கிறவர்களே, அது நீங்கள்தான். இப்போது இன்ஜினியராகவும் வங்கி ஊழியராகவும் நன்றாகத்தான் இருக்கிறீர்கள்.

ஆனாலும் அந்த டிவிக்கும் இந்தச் செல்போனுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அந்த டிவிக்கு முடிவு இருந்தது. படம் முடியும், செய்தி வரும், பிள்ளைகள் எழுந்து ஓடிவிடும். கரண்ட் போகும். அப்பா வந்து கிரிக்கெட் போடுவார். ஒரே பெட்டியை ஐந்து பேர் பார்க்க வேண்டும், அதனால் சண்டை, சண்டையிலேயே பேச்சு. ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இவன் எதுக்குல அழுதான்?" என்று கேட்பாள். பிள்ளை விளக்கம் சொல்லும். செல்போனில் அது கிடையாது. ஒரு வீடியோ முடிவதற்குள் அடுத்தது தானாக வந்து நிற்கிறது. அடுத்து வருவது எது என்பதைக் குழந்தையும் தேர்ந்தெடுப்பதில்லை, நீங்களும் தேர்ந்தெடுப்பதில்லை. எதைக் காட்டினால் இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பான் என்று கணக்குப் போடுகிற இயந்திரம் தேர்ந்தெடுக்கிறது. முப்பத்தைந்து வயதான உங்களாலேயே ரீல்ஸை நிறுத்த முடியவில்லை. மூன்று வயதுப் பிள்ளை நிறுத்தவில்லை என்று முதுகில் ஒன்று வைப்பது என்ன நியாயம்?

தட்டுக்கு வருகிறேன்.

தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் நான்கு சின்னப் பிள்ளைகள். நான்கு இலைக்கு முன்னாலும் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த செல்போன். அம்மாக்கள் ஊட்டுகிறார்கள், வாய் திறக்கிறது, மூடுகிறது. பக்கத்தில் அப்பளம் நொறுங்கும் சத்தத்துக்குக்கூட ஒரு பிள்ளை திரும்பவில்லை. பாயசம் வந்தது. வாய்க்குள் போனது பாயசமா ரசமா என்று அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம். கேட்டதற்கு, "இது இல்லன்னா ஒரு வாய் இறங்காது டீச்சர்" என்றாள் ஒருத்தி.

இறங்குகிறது, சரி. ஆனால் பசிக்கிறது, போதும் என்ற இரண்டையும் குழந்தை தன் வயிற்றைக் கவனித்துத்தான் பழக வேண்டும். கண்ணும் மனதும் திரையில் இருந்தால் வயிறு சொல்வது கேட்காது. சில பிள்ளைகள் போதும் என்று தெரியாமல் தின்கிறார்கள், உடம்பு போடுகிறது. சில பிள்ளைகள் மெல்லாமல் விழுங்குகிறார்கள், அல்லது கன்னத்தில் அடக்கிவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான்கு வயதாகியும் தானாகக் கையால் எடுத்துச் சாப்பிடத் தெரியாத பிள்ளைகள் எல்.கே.ஜி.க்கு வருவதை இன்று எந்த நர்சரி டீச்சரைக் கேட்டாலும் சொல்வார். நடுவில் சாக்லேட், சிப்ஸ் விளம்பரம் வேறு. இட்லியை ஊட்டிக்கொண்டே, சிப்ஸ் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பிள்ளைக்குக் காட்டுகிறோம்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. சோறு ஊட்டுகிற நேரம் நம் வீடுகளில் பேச்சு கற்றுக்கொடுக்கிற நேரமாக இருந்தது. காக்கா வந்தது, நிலா வந்தது, அப்பாவுக்கு ஒரு வாய், ஆச்சிக்கு ஒரு வாய், சூடா இருக்கா, ஊதட்டுமா, எந்த நாய் குரைக்குது. குழந்தை ஒன்று சொல்லும், நாம் ஒன்று சொல்வோம். ஒரு வேளைக்கு 20 நிமிடம், மூன்று வேளைக்கு ஒரு மணி நேரம், வருடத்துக்கு 365 மணி நேரம். கணக்கு டீச்சருக்கு எதைப் பார்த்தாலும் பெருக்கத் தோன்றுகிறது. இவ்வளவு நேரப் பேச்சை எடுத்துவிட்டு, ரைம்ஸ் வீடியோவில் இருந்து வார்த்தை வரும் என்று எதிர்பார்க்கிறோம்.

வராது என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் பட்ரிசியா குல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2003இல் வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் 9 மாதக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து 12 முறை புத்தகம் காட்டி, பொம்மை காட்டி விளையாடினார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள் பேசியதை டிவியில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகளுக்குச் சீன மொழியின் ஒலி வேறுபாடுகள் பிடிபட்டன. டிவியில் பார்த்தவர்களுக்குப் பிடிபடவில்லை. அதே குரல், அதே சொற்கள்தான். எதிரில் ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

குழந்தைக்கு முகம் எவ்வளவு முக்கியம் என்று 1970களிலேயே எட்வர்ட் டிரோனிக் என்பவர் காட்டினார். அம்மா குழந்தையோடு கொஞ்சி விளையாட வேண்டும். பிறகு இரண்டு மூன்று நிமிடம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் கல் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். கையை நீட்டும், சத்தம் போடும். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழ ஆரம்பிக்கும். சொல்லி வைத்துச் செய்த இரண்டு நிமிடத்துக்கே அந்தப் பாடு. செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரை ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். திரை நேரம் என்றால் பிள்ளை பார்க்கிற நேரம் மட்டும்தானா? அப்பாவும் அம்மாவும் தாத்தாவும் பார்க்கிற நேரத்தை யார் கணக்கு வைப்பது?

இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன், சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பழைய மாணவி ஒருத்தி சில வாரங்களுக்கு முன் போனில் பேசினாள். மகனுக்கு இரண்டரை வயது, இன்னும் வார்த்தை வரவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், "போனைக் கொடுத்தே புள்ளைய ஆட்டிசம் ஆக்கிட்டா" என்கிறார்களாம். அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. பெரியவர்களே, தயவுசெய்து இப்படிப் பேசாதீர்கள். ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு, பிறப்பிலேயே தொடங்குவது. செல்போன் பார்த்து வருவதல்ல. பேச்சு தாமதமாவதற்குப் பல காரணங்கள் உண்டு, காது சரியாகக் கேட்காததும் அதில் ஒன்று. நாள் முழுக்கத் திரையோடு இருக்கும் பிள்ளையிடம் யாரும் பேசாததால் பேச்சு தாமதமாகலாம், அது வேறு விஷயம். எது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் அல்ல.

இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று வருடத்தைக் கடத்தாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டி முதலில் காது கேட்கும் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று இருக்கிறது, டி.இ.ஐ.சி. என்பார்கள். பேச்சுப் பயிற்சி உட்பட எல்லாம் இலவசம். நம் ஆட்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. காரணம் எதுவாக இருந்தாலும் பிள்ளையோடு முகம் பார்த்துப் பேசுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. அதை அம்மா மட்டும்தான் செய்ய வேண்டும் என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. அப்பாவுக்கும் வாய் இருக்கிறது.

எவ்வளவு நேரம் கொடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது இது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம். இரண்டில் இருந்து ஐந்து வயதுக்குள் பெரியவர்கள் கூட இருக்க, நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஐந்தில் இருந்து பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும் சின்னக் குழந்தைகளைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட இதுதான். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் பதற வேண்டாம். தாத்தா ஆச்சியோடு வீடியோ காலில் பேசுவதை மருத்துவர்கள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே எதிரில் பதில் சொல்ல ஒரு முகம் இருக்கிறது. தினமும் கூப்பிடுங்கள்.

அடுத்தது தலையணை. இது கொஞ்சம் பெரிய பிள்ளைகள் சம்பந்தப்பட்டது.

கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பர் 1ஆம் தேதி ஒன்றாம் வகுப்பில் இருந்து எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி மாதங்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்துவிட்டு வந்த பிள்ளைகள். பாடம் மறந்திருக்கும் என்று எதிர்பார்த்தே போனோம். நான் எதிர்பார்க்காதது முதல் பீரியடில் பெஞ்சில் கவிழ்ந்து கிடந்த தலைகளை. "எத்தனை மணிக்குலே படுத்த?" என்று கேட்டால் பன்னிரண்டு என்பான், ஒன்று என்பான், சர்வசாதாரணமாக. கிளாஸ் போனில் நடந்தது, போன் பாயிலேயே இருந்தது, கிளாஸ் முடிந்த பிறகும் பாயைவிட்டுப் போகவில்லை.

ஆறில் இருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதின்ம வயதில் 8 முதல் 10 மணி நேரம். ஆறு மணிக்கு எழுந்து வேன் பிடிக்க வேண்டிய ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்பது மணிக்குத் தூங்கினால்தான் 9 மணி நேரம் தேறும். எத்தனை வீட்டில் ஒன்பது மணிக்கு விளக்கு அணைகிறது? இருட்டியதும் நம் மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து உடம்பைத் தூக்கத்துக்குத் தயார் செய்கிறது. கண்ணுக்கு நேரே வெளிச்சம் அடித்தால் அது சுரப்பது குறைகிறது, சின்னப் பிள்ளைகளிடம் பெரியவர்களைவிட அதிகமாகவே. வெளிச்சத்தைக் குறைத்தாலும், துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் அப்போதுதான் செத்துப்போன பிள்ளைக்கு எப்படித் தூக்கம் வரும்?

தூக்கம் குறைந்த பெரியவர் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார். தூக்கம் குறைந்த குழந்தை பல நேரம் அப்படி இருப்பதில்லை. நிலைகொள்ளாமல் துறுதுறுக்கும், சின்ன விஷயத்துக்குக் கத்தும், பக்கத்துப் பிள்ளையை அடிக்கும், சொன்னது மண்டையில் நிற்காது. டீச்சர் டைரியில் "ஒழுங்கீனம்" என்று எழுதி அனுப்புவார். வீட்டில் அடி விழும். டீச்சராக இருக்கும் என் மாணவிகளுக்குச் சொல்கிறேன், ஒரு பிள்ளையை அடங்காதவன், மந்தம் என்று முடிவு கட்டுவதற்கு முன் ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று ஒரு வாரம் விசாரியுங்கள். இரண்டு மூன்று பிள்ளைகள் விஷயத்தில் தூக்கத்தைச் சரிசெய்த பிறகு வேறு பிள்ளையாகவே மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

வன்முறையைப் பற்றிக் கேட்கிறீர்கள். 1961இல் ஆல்பர்ட் பண்டுரா ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 72 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். பெரியவர் ஒருவர் காற்றடித்த பொம்மையைக் குத்தி உதைத்துத் திட்டுவதைப் பார்த்த குழந்தைகள், தனியாக விட்டதும் அதே குத்து, அதே உதை, அதே வசவு. பிறகு சினிமாவாகக் காட்டியபோதும் அதுவே நடந்தது. குத்துவதற்காகவே செய்த பொம்மையைக் குத்துவது வன்முறையா என்று அப்போதே சிலர் கேட்டார்கள், அந்தக் கேள்வியும் நியாயமானதுதான். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது பிள்ளை பார்த்ததைச் செய்யும் என்பதுதான். போனில் பார்த்ததையும் செய்யும், போனோடு நாம் செய்வதையும் செய்யும். அதனால் ஒரு விளையாட்டைத் தடை செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

கண்ணைப் பற்றி இரண்டே வரி. கிட்டப்பார்வை வருவதில் மொபைலுக்குப் பங்கு இருக்கிறது, வெயில் வெளிச்சத்தில் விளையாடாததற்கும் பெரிய பங்கு இருக்கிறது. தைவானில் 2010இல் இருந்து பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்கச் செய்தார்கள், ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைபாடு இறங்கத் தொடங்கியது. நம் ஊரில் பி.டி. பீரியடைக் கடன் வாங்கிக் கணக்குப் போடுகிறார்கள்.

"டீச்சருக்கு என்ன, ரிட்டையர் ஆகிட்டு எழுதுறாங்க, ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்ல வந்து பார்க்கச் சொல்லு" என்று சிலர் நினைப்பது எனக்குக் கேட்கிறது. ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவது மாடி ஃபிளாட், கீழே விளையாட இடம் இல்லை, மாமியார் ஊரில், புருஷன் ஷிப்டில். சமைக்கிற அரை மணி நேரம் பிள்ளையை எங்கே வைப்பது? மூன்று வயதுப் பிள்ளை என்றால் ஹாலில் டிவியைப் போடுங்கள், ஏற்கனவே பார்த்த கார்ட்டூன் ஒன்று, சத்தம் உங்கள் காதில் விழுகிற மாதிரி. அதில் பாவம் ஒன்றும் இல்லை. கையில் போனைக் கொடுத்து உள் அறையில் விடுவதற்கும் இதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. கொரோனா நாட்களில் கல்வித் தொலைக்காட்சியும், ஒரு போனை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்த்ததும் இல்லையென்றால் எத்தனையோ பிள்ளைகள் படிப்பையே விட்டிருப்பார்கள். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் 2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி என்று தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்ப வேண்டித்தானே வந்தது?

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று 2024இல் சட்டம் போட்டார்கள். நல்லதா என்று போகப் போகத் தெரியும். எந்த அரசாங்கமும் நம் வீட்டுச் சோற்றுத் தட்டு வரைக்கும் வரப்போவதில்லை.

நிறுத்துவது எப்படி என்று கேட்டவர்களுக்கு. முதல் நான்கைந்து நாள் பிள்ளை ஆர்ப்பாட்டம் செய்யும், ஒரு வேளை சாப்பாட்டைத் தள்ளும். நோய் ஒன்றும் இல்லாத பிள்ளை ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, அடுத்த வேளை பசிக்கும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள், எல்லோர் போனும் வேறு அறையில், தாத்தாவுடையதும் சேர்த்து. பிடுங்காதீர்கள். "இந்தப் பாட்டு முடிஞ்சதும் வைக்கணும்" என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, முடிந்ததும் வாங்கிவிடுங்கள். அழுததும் திருப்பிக் கொடுத்தால், எவ்வளவு அழுதால் கிடைக்கும் என்ற கணக்கைப் பிள்ளை கற்றுக்கொள்ளும். அந்தக் கணக்கில் குழந்தைகள் எல்லோரும் நூற்றுக்கு நூறு. ராத்திரிக்கு, வீட்டில் உள்ள எல்லா சார்ஜரையும் ஹாலில் ஒரே இடத்தில் வையுங்கள். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்று சாக்குச் சொல்கிறவர்களுக்கு அலாரம் கடிகாரம் இன்னும் கடையில் கிடைக்கிறது.

கமெண்டில் "அருமை டீச்சர்" என்று எழுத வேண்டாம். உங்கள் வீட்டில் நேற்று ராத்திரி எத்தனை போன், எந்த அறையில் சார்ஜ் ஆனது என்று மட்டும் எழுதுங்கள். சித்தி மகன் ராஜபாளையத்தில் இருந்து முதலில் எழுதுவான் என்று தெரியும், பொய் சொல்லாமல் எழுதச் சொல்லுங்கள். வைகாசியில் கொடைக்கு வருகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். பல்லாங்குழியைப் பரணில் இருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், சோழிதான் பத்துப் பன்னிரண்டு குறைகிறது. யாராவது திருச்செந்தூர் போனால் வாங்கி வரவும்.